மே மாதத்தில் நீலகிரிக் காட்டுக்குள் நடக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். திருச்சியிலிருந்து ஆறு பேர், மே இரண்டாம் வாரம் நான்கு நாள் ஊட்டிக்கு வருகிறீர்கள். அம்மாவுக்கு 66 வயது, மகளுக்கு 11. படகும் பூங்காவும் பலமுறை பார்த்தாயிற்று. இந்த முறை காட்டுக்குள் நடக்க வேண்டும், ஒரு இரவாவது அவலாஞ்சிப் பக்கம் ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்க வேண்டும். விசாரித்த இடத்திலெல்லாம் "அனுமதி இல்லை" என்கிறார்கள், போதாததற்கு வண்டியில் மலையேற முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-பாஸ் வேறு. "மலை முழுக்க ரிசார்ட் கட்ட விட்டுவிட்டு, ஒரு காகிதம்கூடக் கீழே போடாமல் நடந்துபோகிற எங்களை ஏன் தடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏரிக்கரையில் டென்ட் முடியாது, எந்த மாதத்திலும் முடியாது. நடப்பது முடியும், நன்றாகவே முடியும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வாரம்தான் வருடத்திலேயே இந்த மலைக்கு மூச்சு முட்டுகிற வாரம். உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது, அதற்கும் வருகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பல வருடங்களாக சோலைக்காட்டு மரக்கன்று வளர்த்து நடும் வேலையில் இருக்கிறேன், அவ்வப்போது காட்டுவிலங்குக் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலராகவும் போவேன். நடந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மலைக்கு ஒரு வருடக்கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எந்த கேட் எப்போது மூடும், ஏன் மூடும் என்பது தானாகப் புரியும். நமது பள்ளி விடுமுறை அந்தக் கணக்கோடு நேருக்கு நேர் மோதுகிறது என்பதுதான் சிக்கல்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே உறைபனி. தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பனி புல்லைக் கருக்கிவிடும். தேயிலைத் தோட்டக்காரர்களும் காய்கறி போட்டவர்களும் அந்த மாதங்களில் இரவெல்லாம் கவலையோடு இருப்பார்கள். பனியில் கருகிய புல், பிப்ரவரி மார்ச் வெயிலில் சருகாகக் காய்ந்து, இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும். ஒரு பீடித்துண்டு போதும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்திருந்த மலையேற்றக் குழுக்கள் இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், உங்களைப் போலவே மலையை நேசித்து வந்தவர்கள். தரைமட்டத்தில் எரிகிற நெருப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சரிவில் எரியும் நெருப்பின் வேகம் தெரியாது. நெருப்பு மேல்நோக்கி ஏறும்போது தன் சூட்டாலேயே மேலே இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டே போகிறது. காற்றும் பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேதான் வீசும். மனிதன் மேலே ஏற ஏற வேகம் குறைகிறான், தீ மேலே ஏற ஏற வேகம் கூடுகிறது. அந்த வருடமே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடி வைப்பதற்குப் பின்னால் அந்த 23 பேர் இருக்கிறார்கள். "சீசன்ல ஏன் சார் மூடுறீங்க" என்று வனத்துறைக் காவலரான வாட்சரிடம் யாராவது சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும். அந்த வாட்சர்தான் அதே மாதங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்டிக்கொண்டு, புகை தெரிந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறவர்.

தீக்காலம் முடிகிறபோது தண்ணீர்ப் பஞ்சம் தொடங்கியிருக்கும். இதை வெளியூர்க்காரர்கள் நம்புவதே இல்லை. "ஊட்டியில் தண்ணீர்ப் பஞ்சமா?" என்று சிரிப்பார்கள். ஊட்டிக்கு முக்கியமாகத் தண்ணீர் தருவது பார்சன்ஸ் வேலி அணை, குன்னூருக்கு ரேலியா அணை. கோடை மழை ஏமாற்றிய வருடங்களில் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீடுகளுக்குப் பல நாட்களுக்கு ஒரு முறைதான் குழாய் வரும். அந்த இரண்டு மாதங்களில்தான் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி, கோடை விழா எல்லாமே. 2011 கணக்குப்படி ஏழரை லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மாவட்டம் இது. அதன் மேல் கோடைக்கூட்டம் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு லாட்ஜிலும் வெந்நீர், ஒவ்வொரு ரிசார்ட்டிலும் புல்தரைக்குத் தண்ணீர். டேங்கர் லாரிகள் ஓடைகளிலிருந்து உறிஞ்சிக்கொண்டு வரும். அதே ஓடைக்குத்தான் காட்டெருமையும் கடமானும் வரவேண்டும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் டென்ட் போட நினைத்த இடத்தைப் புரிந்துகொள்ள அதுதான் வழி. மேல்மலையில் நீங்கள் பார்க்கும் மொட்டைப் புல்வெளி வெற்று நிலம் இல்லை. புல் மேட்டில் இருக்கும், அதன் மடிப்புகளில், பள்ளங்களில் குட்டையான அடர்ந்த மரக்கூட்டம் இருக்கும். அதுதான் சோலை. மேட்டில் சோலை மரம் ஏன் முளைப்பதில்லை என்றால், உறைபனி அதன் கன்றைக் கொன்றுவிடும். பள்ளத்தின் ஈரத்திலும் நிழலிலும்தான் அது தப்பிக்கும். மழையையும் மூடுபனியின் ஈரத்தையும் புல்வெளியின் கறுப்பு மண் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு அதை மெதுவாகச் சதுப்புக்கும் சோலைக்குள் ஓடும் ஓடைக்கும் கசியவிடுகிறது. மழை நின்று மூன்று மாதம் ஆன பிறகும் சோலை ஓடையில் தண்ணீர் ஓடுவது அதனால்தான்.

இந்தக் கசிவுதான் மாயாறு, பவானி. பவானி அப்பர் பவானிப் பக்கம் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடி வழியாகத் திரும்பி நம் பக்கம் வருகிறது. மாயாறு வடக்கே சுற்றிக்கொண்டு வந்து பவானிசாகர் அணையில் சேர்கிறது. அந்த அணையின் கீழ்பவானி வாய்க்காலை நம்பி மட்டும் ஈரோட்டுப் பக்கம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. கடைசியில் பவானி காவிரியோடு கலந்து உங்கள் திருச்சிக்கும் வருகிறது. ஆகவே நீங்கள் முழு அந்நியர் இல்லை, இந்தப் புல்வெளியின் தண்ணீரில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தப் புல்வெளியை "சும்மா கிடக்கும் நிலம்" என்று நினைத்தார்கள். 1819-இல் ஜான் சல்லிவன் மேலே வந்த பிறகு ஊர் வளர்ந்தது, விறகு போதவில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து மரங்கள் வந்தன. நாங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், சீகை மரம் என்று சொல்லும் வாட்டில். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் தொழிற்சாலைகளுக்கு மரக்கூழும் தோல் பதனிடப் பட்டையும் வேண்டுமென்று ஆயிரக்கணக்கான ஏக்கரில் அதே மரங்களை நட்டது. ஊட்டியில் இருக்கும் மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளி இருக்கும் நீர்ப்பிடிப்பையும் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பையும் பல வருடங்கள் அருகருகே அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் ஓடைநீர் குறைந்தது. இப்போது உயர் நீதிமன்ற உத்தரவுகளின் கீழ் சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்க முயல்கிறோம். சீகையின் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் ஆயிரம் கன்று முளைக்கும், கையால் பிடுங்கவேண்டும், அடுத்த வருடமும் பிடுங்கவேண்டும். எங்கள் குழுவில் ஒரு அம்மா இருக்கிறார், தோட்டவேலைக்குப் போனவர். ஒரு சரிவைக் காட்டி, "அஞ்சு வருசமா இதையே புடுங்கிட்டு இருக்கேன் தம்பி, போன வருசம்தான் புல்லு தெரிய ஆரம்பிச்சுது" என்றார். அந்தச் சரிவில் ஒரு வாகனம் ஒரு முறை ஏறி இறங்கினால் அவருடைய ஐந்து வருடம் வீண்.

சரி, டென்ட். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாமே இயற்கையான ஏரிகள் இல்லை, குந்தா மின்திட்டத்துக்குக் கட்டிய அணைகள். சுற்றியிருப்பது காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். சட்டம் கிடக்கட்டும், அங்கே இரவில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பகலில் மனிதச் சத்தத்துக்குப் பயந்து சோலைக்குள் ஒதுங்கியிருக்கும் கடமான், காட்டெருமை, காட்டுப்பன்றி எல்லாம் இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். அவற்றின் பின்னால் புலி வரும். கோடையில் சின்ன ஓடைகள் வற்றிவிடுவதால் அணைக்கரைதான் அவற்றுக்குக் கதி. நீங்கள் அங்கே ஒரு விளக்கை ஏற்றி உட்கார்ந்தால், சத்தமே போடாவிட்டாலும், அந்த இரவு அவை தண்ணீர் குடிக்காமல் திரும்பும்.

மசினகுடிப் பக்கம் "காட்டுக்கு நடுவில் டென்ட்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். மசினகுடி இருக்கும் சீகூர் பகுதி யானைகளுக்குக் கழுத்து மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் யானைகளும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் யானைகளும் ஒன்றையொன்று போய்ச்சேர இருக்கும் வழி அது. ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சுவர், மறுபக்கம் மாயாற்றுப் பள்ளம், நடுவில் ஒரு பட்டை நிலம். அந்தப் பட்டையில்தான் விடுதிகளும் மின்வேலிகளும் முளைத்தன. 2021 ஜனவரியில் அங்கே ஒரு விடுதியிலிருந்து தீப்பற்றிய பொருளை ஒரு யானை மேல் வீசினார்கள். தலையில் நெருப்போடு அது ஓடிய காட்சியைப் பார்த்த பிறகு பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த யானை இறந்துபோனது.

உங்கள் கோபத்தின் நியாயமான பாதி இங்கேதான் இருக்கிறது. நடக்கிறவனைத் தடுப்பது எளிது, கட்டுகிறவனைத் தடுப்பது கஷ்டம். சீகூர் யானை வழித்தடத்தை அரசு 2010-இல் அறிவித்தது, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் இறுதியாக உறுதி செய்ய 2020 அக்டோபர் ஆயிற்று. பத்து வருடம். இடையில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1993-லேயே மாஸ்டர் பிளான் விதிகள் வந்துவிட்டன. அதையும் மீறி, குன்னூர் சரிவுகளில் பொக்லைன் வைத்து மண்ணைச் சீவி மாடி மாடியாக எழுப்பியிருப்பதை யார் வேண்டுமானாலும் பஸ்ஸில் உட்கார்ந்தே பார்க்கலாம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சரிவைச் சீவுவது நிற்கவில்லை. இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு வழியும் இருக்கிறது. தங்குமிடம் பதிவு செய்யும் முன், உரிமம் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். "காட்டுக்கு நடுவில், விலங்கு ஜன்னலில் தெரியும்" என்று சொல்கிற இடத்தை விட்டுவிட்டு ஊருக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

இ-பாஸைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. மலை எத்தனை வாகனம் தாங்கும் என்று சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் ஆய்வு செய்யச் சொன்னார்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விதி வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். என் தனிப்பட்ட கருத்து, ஆறு பேருக்கு இரண்டு கார் எடுத்து வருவதைவிட மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து பஸ் ஏறுவது எவ்வளவோ மேல். கோடையில் பர்லியாறு வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கி ஒருவழிப்பாதையாக்கி விடுவார்கள். அப்படியும் வண்டி நகராது.

"குப்பை போடாமல் நடக்கும் எங்களால் என்ன கெடுதல்" என்று கேட்டீர்கள். இது நல்ல கேள்வி, யாரும் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை. நடப்பதால் கெடுதல் குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை, அது எங்கே, எப்போது என்பதைப் பொறுத்தது. புல்வெளிச் சரிவில் பத்துப் பேர் வளைந்துபோகும் பாதையை விட்டுவிட்டு நேராகக் குறுக்கே இறங்கினால், அந்தத் தடம் ஜூன் மழைக்கு ஓடையாகும். அவலாஞ்சிப் பக்கம் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையின் முன்னால் ஒரு சின்னக் கீறலும் பள்ளமாகிவிடும்.

வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில விலங்கு. குட்டி போடுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். மூணாறுப் பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை அந்த மாதங்களையொட்டி மூடிவிடுகிறார்கள். குட்டியோடு பாறை விளிம்பில் நிற்கும் ஆட்டை நோக்கி நாலு பேர் செல்போனோடு நெருங்கினால் அது பாறையில் தாவும், குட்டியால் தாவ முடியாது. தமிழகத்தில் வரையாடுகள் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303 என்று எண்ணப்பட்டன. இவ்வளவுதான் மொத்தம், ஒரு கல்யாண மண்டபக் கூட்டம் அளவு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் ஒரு கணக்கெடுப்பின்போது மூடுபனிக்குள் மூன்று மணிநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பனி விலகியபோது இருபது அடி தள்ளி ஒரு கிழட்டுக் கிடா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் அசையாததால்தான் அது நின்றது.

பாறை ஓவியங்கள் இன்னொரு வேதனை. கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூரில் இருளர் கிராமங்களுக்கு அருகே பொறிவரை என்ற இடம். பல ஆயிரம் வருடப் பழமை என்று சொல்லப்படும் ஓவியங்கள் அங்கே உண்டு. வழிகாட்டி இல்லாமல் போனவர்கள் அதன் மேல் பெயர் எழுதிவிட்டு வந்தார்கள். அழிந்தது அழிந்ததுதான். இப்போது அங்கே அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் மட்டும்தான் போகலாம் என்றால், அதைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, ஆன்லைனில் பதிவு செய்யலாம். கூட வருபவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். காலம் காலமாகக் காட்டை அறிந்தவர்களுக்கு இதுவரை சுற்றுலாவில் கிடைத்த வேலை ரிசார்ட்டில் பாத்திரம் கழுவுவதும் தோட்டம் பெருக்குவதும். இப்போது அவர்கள் முன்னால் நடக்கிறார்கள், நாம் பின்னால் நடக்கிறோம். கட்டணம் கொஞ்சம் அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆறு பேர் குடும்பத்துக்கு அது உண்மைதான். ஆனாலும் வழிகாட்டிக்கு அதில் வேலை கிடைக்கிறது, நான் அதை மனசார ஆதரிக்கிறேன்.

அம்மாவும் மகளும் வருவதால் கடினப் பாதைகளை மறந்துவிடுங்கள். அவலாஞ்சியிலிருந்து கொலரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி எல்லாம் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டியவை. மூச்சு வாங்கும், உயரமும் 2,000 மீட்டருக்கு மேல். உங்களுக்கு ஊட்டியை ஒட்டிய கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை, இரண்டும் போதும். குறைவாக நினைக்க வேண்டாம். லாங்வுட் சோலை ஊரை ஒட்டியே இருக்கும் 116 ஹெக்டேர் காடு. எல்லாப் பக்கமும் தேயிலை வந்த பிறகும் அது மிஞ்சியதற்குக் காரணம், அதிலிருந்து கீழே பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் போகிறது. மரம் திருடியவர்களை மறித்து நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வாசலைத் தாண்டி ஐம்பது அடி போனால் வெளிச்சம் பச்சையாகிவிடும், குளிர் சட்டென்று இறங்கும். அம்மாவால் மெதுவாக நடக்க முடியும். சத்தமில்லாமல் பத்து நிமிடம் நின்றால் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கூப்பிடுவது கேட்கும். பெயருக்கு ஏற்றபடி உண்மையிலேயே சிரிப்பதுபோல் இருக்கும், உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அதை வரவழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, முட்டையை விட்டுவிட்டு வந்து சுற்றும்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போக ஆசையிருந்தால், யாராவது அழைத்தால் மட்டும் போங்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் கோயில். எருமைக் கோயிலுக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுப்பது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பூத்துக்குளி சால்வையின் கறுப்புச் சிவப்புத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சின்னப் பை வாங்கினாலும் தைத்த பெண்ணுக்குக் காசு போகும் இடமாகப் பார்த்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் நான் சொல்வது செப்டம்பர். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் என்று மேற்குப் பக்கத்தை நனைத்தெடுக்கும்போது கோத்தகிரிப் பக்கம் மழைமறைவில் இருக்கும். மெல்லிய தூறல், நடுவில் வெயில், ஓடை எல்லாம் நிறைந்து ஓடும். காலாண்டு விடுமுறையும் அந்த மாதக் கடைசியில்தான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும், மண்சரிவு பயம் உண்டு, அப்போது வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும், குளிர் தாங்கினால் அதுவும் நல்ல நேரம். ஆனால் கிறிஸ்துமஸ், பொங்கல் வாரங்களில் கூட்டம் மே மாதத்துக்குச் சளைக்காது.

மே மாதம்தான் முடியும் என்றால், திங்கள் முதல் வியாழன் வரை வாருங்கள், ஊட்டியில் தங்காமல் கோத்தகிரியில் தங்குங்கள். மலை ரயிலில் ஒரு முறையாவது வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பி, பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு, 208 வளைவு, 16 குகை தாண்டி ஐந்து மணிநேரம் எடுத்து ஊட்டிக்கு வரும். அதற்கு டிக்கெட் இந்நேரம் தீர்ந்திருக்கும், பரவாயில்லை, குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வண்டி கிடைக்கும். அம்மாவுக்கு அதுவே பெரிய பயணம்.

கொண்டுவர வேண்டியவை அதிகமில்லை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஏனென்றால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, செக்போஸ்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குடிநீர் ஏடிஎம்கள் பல இடங்களில் உண்டு. முழுக்கைச் சட்டை, மங்கலான நிறத்தில். வாசனைத் தைலம், சென்ட் வேண்டாம். நல்ல பிடிப்புள்ள ஷூ, அதை வீட்டிலேயே கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் மண்ணோடு வேற்று விதைகளும் வரும். மழைக்காலமென்றால் அட்டை ஏறும், பயப்பட ஒன்றுமில்லை, காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டால் போதும். குரங்குக்குப் பிஸ்கட் போட வேண்டாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்குக் கடைசி நேரத்தில் மறுத்தால் வருத்தமாக இருக்கும். ஆரஞ்சுத் தோல்கூட மேல்மலைக் குளிரில் மாதக்கணக்கில் மக்காது, பையிலேயே திரும்பக் கொண்டுபோங்கள்.

குறிஞ்சி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெரிய பூப்பு கடைசியாக 2018-இல் வந்தது, பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டும் பாதைகள் அதுவரை நிலைத்து நின்றால், அந்த வருடக் கூட்டத்தைச் செடி மிதிபடாமல் சமாளிக்கலாம் என்று நம்புகிறேன். செப்டம்பருக்குத் தேதி மாற்றினால் இங்கேயே ஒரு வார்த்தை எழுதுங்கள். அந்த வாரம் எந்தப் பாதை திறந்திருக்கிறது, கோத்தகிரியில் மழை எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.